இரண்டாம் மணி

வரைபடத்தை மடித்து மடித்து
மடிப்பு தேய்ந்த இடத்தில் இருந்தது ஊர்.
'மோன்' வரை படிக்க முடிந்தது.
மிச்சம் ஓட்டை.
அதனாலேயே போனேன்.

ஏறும் பாதை ஒரு வண்டிக்கானது.
எதிரே டிராக்டர் வந்தால்
யார் பின்வாங்குவது என்பதில் பேச்சே இல்லை.
வால்நட் மரங்களுக்கிடையே
இருமுறை பின்னால் ஊர்ந்தேன்.
ஓட்டியவர் ஸ்டியரிங்கிலிருந்து
ஒற்றை விரல் தூக்கினார்.
நன்றி அவ்வளவுதான்.

மேலே காற்று.
பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டி
ஒன்றையொன்று பார்த்து நிற்கும் சுண்ணாம்புக்கல் வீடுகள்.
ஊராட்சி அலுவலகக் கதவில்
'வியாழன், இரண்டு முதல் நான்கு.'
அன்று செவ்வாய்.
தேவாலயத்துக்குள் ஒரு வாளி, ஒரு துடைப்பம்,
மெழுகுவர்த்தி விலை
இன்னும் பிராங்கிலேயே எழுதிய உண்டியல்.
வெளியே ஒரு நாய்
என்னைப் பார்த்து எழ நினைத்து
யோசித்து
படுத்துக்கொண்டது.

கோபுரத்தில் மணி அடித்தது.
ஏழு வரை எண்ணி விட்டுவிட்டேன்.
இரண்டு நிமிடம் போனது.
மறுபடி முதலிலிருந்து,
முழுதாகப் பத்து.

"பழுதா?" என்றேன்,
சன்னலோரம் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்த கிஸ்லேனிடம்.
"முதல் தரம் எண்ணத் தவறியவர்களுக்காக" என்றாள்.
பிறகு தோலைக் கிண்ணத்தில் போட்டு,
"எங்களுக்கு வேறு உபயோகமும் உண்டு.
ஃபுல்பேர் வீட்டுக் கூரைத் தண்ணீர்
ஆன்செல்மின் நிலவறைக்குள் இறங்கியது.
பதினோரு வருடம் ஆயிற்று.
ரொட்டி வண்டிக்கு
அவர் முதல் மணிக்கு வருவார்,
இவர் இரண்டாம் மணிக்கு."
நடுவில் இருக்கும் இரண்டு நிமிடத்தை
ஊர் யாருக்கும் கொடுக்காமல்
காலியாக வைத்திருந்தது.

பதினொன்றுக்குச் சற்று முன் வண்டி வந்தது.
நீள ரொட்டி ஒன்று வாங்கி
மதிலில் உட்கார்ந்து முனையைக் கடித்தேன்.
பொருக்கு உடையும் சத்தம்
மண்டைக்குள் பெரிதாகக் கேட்டது.

முதல் மணி.
நீலக் கதவு திறந்து ஃபுல்பேர் வந்தார்,
சவரம் செய்த முகம்,
உள்ளங்கையில் எண்ணிவைத்த சில்லறை.
வண்டிக்காரி நொயெமி பட்டியலைப் பார்த்தாள்.
கூடையைப் பார்த்தாள்.
மறுபடி பட்டியலை.
பதினெட்டுப் பெயர்,
பதினேழு ரொட்டி.
விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்,
தரைவிரிப்புக்கடியில்கூடத் தேடினாள்.

அதற்குள் இரண்டாம் மணி.
ஆன்செல்ம் வந்தார்.
வந்தவர் நின்றார்.
இருவருக்கும் நடுவே மூன்றடி,
அதில் வெயில் மட்டும்.

நொயெமி, ஃபுல்பேர், ஆன்செல்ம்,
சன்னலில் கிஸ்லேன்,
கடைசியாக அந்த நாய்,
ஒருவர்பின் ஒருவராய்த் திரும்பி
என் வாயைப் பார்த்தார்கள்.

"டச்சுக்காரர் வீட்டு விருந்தாளி
என்றல்லவா நினைத்தேன்" என்றாள் நொயெமி.
"டச்சுக்காரர் வீட்டார்
தெருவில் உட்கார்ந்து கடிக்க மாட்டார்கள்" என்றார் ஃபுல்பேர்.
"மாட்டார்கள்" என்றார் ஆன்செல்ம்.

சொன்ன பிறகுதான்
சொன்னது அவருக்கே தெரிந்தது.
ஃபுல்பேரின் உள்ளங்கையில்
சில்லறை ஒருமுறை குலுங்கியது.

என் கையிலிருந்து ரொட்டியை வாங்கினார்கள்.
யாருடைய கத்தி என்று பார்க்கவில்லை,
குனிந்திருந்தேன்.
பாதியாய் அறுபட்டது.
பிறகு ஆரம்பித்தது,
கடித்த பாதி யாருக்கு என்று.
பதினோரு வருடம் சேர்த்துவைத்த குரல்கள்.
புறாக்கள் கூரைவிட்டு எழுந்தன.
கூரை, குழாய், நிலவறை,
அழுகிய ஒயின் பீப்பாய் நான்கு,
எல்லாம் அந்த முனையில் வந்து நின்றன.
நொயெமி எஞ்சினை அணைத்துவிட்டு
சாவகாசமாய்க் கைகட்டிக்கொண்டாள்.
கிஸ்லேன் பீன்ஸை மறந்திருந்தாள்.

மன்னிப்புச் சொன்னேன்.
யாருக்கும் கேட்கவில்லை.

பன்னிரண்டு அடிக்கும்போது பாதி இறக்கத்தில் இருந்தேன்.
காரை நிறுத்தி
இரண்டாம் தரத்துக்குக் காத்திருந்தேன்.
அங்கிருந்து பார்த்தால்
எந்தக் கதவு எப்போது திறக்கிறது
எதுவும் தெரியாது,
கல்லின் முதுகு மட்டும்தான்.

எதிரே டிராக்டர் ஹாரன் அடித்தது.
பின்னால் ஊர்ந்தேன்,
ஊரை நோக்கி.